குளிப்பாட்ட வரும் கைக்கு யார் கூலி கொடுப்பது?

இங்கிலாந்தில் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தால் ஆம்புலன்ஸ், அறுவைச் சிகிச்சை, ஆஸ்பத்திரிப் படுக்கை எதற்கும் காசு கிடையாது. தேசிய சுகாதாரச் சேவை பார்த்துக்கொள்ளும். அவர் வீடு திரும்பிய பிறகு காலையில் குளிப்பாட்டிச் சட்டை மாட்டிவிட ஒரு ஆள் வேண்டுமென்றால், அது மருத்துவம் அல்ல, ‘சமூகப் பராமரிப்பு’. அது உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பு. வசதி உள்ளவர் பணம் கட்ட வேண்டும். இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் அங்கே பல பத்தாண்டுகளாக நடந்துவரும் சட்டத் தகராறு.

கோடு விழுந்த நாள் 1948 ஜூலை 5. சுகாதாரச் சேவையும் தேசிய உதவிச் சட்டமும் அன்று ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. முதல் எலிசபெத் ராணி காலத்து 1601-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தொடர்ந்துவந்த ஏழைகள் சட்டத்தை அந்த உதவிச் சட்டம் ஒழித்தது. வயதான பெற்றோரைப் பிள்ளைகள்தான் காப்பாற்ற வேண்டும் என்ற சட்டக் கடமையும் அதோடு போயிற்று. (2007-இல் இந்தியா இயற்றிய மூத்த குடிமக்கள் சட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது.) ஆனால் பராமரிப்பு மட்டும் இலவசப் பட்டியலில் சேரவில்லை.

அதன் பிறகு வந்ததெல்லாம் ஒட்டுப்போட்ட வேலை. ஊனமுற்றோருக்கான சட்டம் 1970-இல்; தேவையை மதிப்பிடும் கடமை 1990-இல்; பராமரிக்கும் உறவினருக்கான சட்டம் 1995-இல்; சேவைக்குப் பதிலாகப் பணமாகவே கொடுக்கும் ஏற்பாடு 1996-இல். பழையதை நீக்காமல் புதியதை மேலே தைத்துக்கொண்டே போனார்கள். தன் உரிமை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே வக்கீல் தேவைப்பட்டது.

இதில் அடிபட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். குளோஸ்டர்ஷயரில் ஒரு முதியவருக்குத் துணி துவைக்கவும் வீடு சுத்தம் செய்யவும் வந்துகொண்டிருந்த உதவியை, கையில் பணமில்லை என்று உள்ளாட்சி மன்றம் நிறுத்தியது. ஒருவருடைய தேவையை அளக்கும்போது கஜானாவையும் பார்க்கலாம் என்று 1997-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பசி எவ்வளவு என்று அரிசிப் பானையைப் பார்த்துச் சொல்வது போன்ற தீர்ப்பு. 2011 ஜூலையில் வந்த இன்னொரு தீர்ப்பு அதைவிடக் கசப்பானது. லண்டனில் பக்கவாதத்தால் நடமாட்டம் குறைந்த ஒரு பெண்மணி, இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து போகத் துணைக்கு ஆள் கேட்டார். மன்றம் உறிஞ்சு அட்டைகளைக் கொடுத்து, படுக்கையிலேயே போகச் சொன்னது. அவருக்குச் சிறுநீரை அடக்க முடியாத நோய் எதுவும் இல்லை. ஆனாலும் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என மன்றத்தின் பக்கம் நின்றது. மறுத்து எழுதியவர் நீதிபதி லேடி ஹேல் ஒருவரே.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சட்ட ஆணையம் தன் அறிக்கையைத் தந்திருந்தது. துண்டு துண்டாகக் கிடக்கும் சட்டங்களை நீக்கி ஒரே சட்டமாக்குங்கள் என்பது அதன் சாரம். அதன் விளைவே 2014-இன் பராமரிப்புச் சட்டம்; 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மனிதரின் நல்வாழ்வே நோக்கம் என்று முதல் பிரிவே சொல்கிறது. கணவனையோ தாயையோ வீட்டில் வைத்துப் பார்ப்பவரும் தனக்கு என்ன உதவி தேவை என்று மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். வீடு மாறி வேறு ஊர் போனாலும் பராமரிப்பு நடுவில் அறுந்துவிடக் கூடாது.

முக்கியமான மாற்றம் தகுதி அளவுகோல். முன்பு ஊருக்கு ஊர் வாசற்படியின் உயரம் வேறாக இருந்தது; இப்போது நாடு முழுவதும் ஒரே அளவு. சாப்பிடுவது, கழிப்பறை போவது, உடுத்துவது, வீட்டை வாழத் தகுந்ததாக வைத்திருப்பது என்று பத்து காரியங்கள் அதில் உண்டு. இரண்டோ அதற்கு மேலோ முடியாமல்போய், அதனால் நல்வாழ்வு பெரிதும் பாதிக்கப்பட்டால் தகுதி உண்டு. ‘முடியாது’ என்பதற்கு விதி தரும் பொருள் நுணுக்கமானது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார், ஆனால் வலியில் துடிக்கிறார், அல்லது வழக்கத்தைவிட மிக அதிக நேரம் ஆகிறது என்றால், அவரும் முடியாதவரே.

யாருக்கு உரிமை என்பதை இப்படி ஒழுங்குபடுத்திய சட்டம், யார் காசு கொடுப்பது என்ற இடத்தில் நொண்டிவிட்டது. 23,250 பவுண்டுக்கு மேல் சொத்து உள்ளவர் முழுச் செலவையும் தானே ஏற்க வேண்டும். முதியோர் இல்லத்தில் சேர்ந்தால், துணைவர் குடியிருக்காத சொந்த வீடும் அந்தக் கணக்கில் வரும். வாழ்நாளில் ஒருவர் தன் பராமரிப்புக்குக் கொடுப்பதை 35,000 பவுண்டோடு நிறுத்தலாம் என்று அரசு அமைத்த ஆண்ட்ரூ தில்நாட் குழு 2011-இல் சொன்னது. அரசு 72,000 என்று வைத்து, 2016-இல் கொண்டுவருவதாகச் சொல்லித் தள்ளிப்போட்டது; 2017-இல் கைவிட்டது. 2021-இல் பிரதமர் போரிஸ் ஜான்சன் 86,000 என்றார். அதுவும் தள்ளிப்போய், 2024 ஜூலையில் தொழிற்கட்சி அரசால் ரத்தானது. அடுத்து லூயிஸ் கேசி தலைமையில் புதிய ஆணையம் வந்தது. அதன் இறுதி அறிக்கைக்குக் கெடு 2028.

இந்தச் செலவு உச்சவரம்பைப் பற்றிய 15-ஆம் பிரிவு 2014-இலேயே சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. அந்த உச்சவரம்பின் பயன் இதுவரை ஒருவருக்கும் கிடைக்கவில்லை.