கைக்காசு போட்டு ஒரு ஊழியம்

அமெரிக்காவில் கணவன், மனைவி இருவருமே சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் வாங்கும் வீட்டுக்கு 2025 ஜனவரியில் மாதம் சராசரியாக 3,089 டாலர் வந்தது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் ரூபாய் சொச்சம். நமக்கு அது கொழுத்த தொகை. அங்கே இழுத்துப் பிடித்தால்தான் மாதக் கடைசி வரை வரும். இந்தப் பணத்தை நம்பி வீட்டைப் பூட்டிவிட்டு, ஒன்றரை வருடம் வேறோர் ஊரில் தங்கி, சம்பளம் இல்லாமல் வேலை பார்க்க முடியுமா?

பார்க்கிறார்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது ஊரார் மார்மன் சபை என்று சொல்லும் சபை, தன் மூத்த தம்பதிகளை இப்படித்தான் மிஷனரி ஊழியத்துக்கு அனுப்புகிறது. 2024 இறுதியில் அந்தச் சபைக்கு ஒரு கோடியே 75 லட்சம் உறுப்பினர்கள், 450 மிஷன்கள் (ஊழிய வட்டாரங்கள்), முழுநேர மிஷனரிகள் 74,000-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப் பட்டையுமாக இருவர் இருவராகத் தெருவில் நடப்பவர்கள் அவர்கள்தான். அதே பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு, முழங்கால் வலிக்குத் தைலமும் ரத்த அழுத்த மாத்திரையும் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பும் தாத்தா பாட்டிகளை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கணக்கு சுவாரசியமாவது அங்கேதான்.

முதலில் இளசுகளின் கணக்கு. அமெரிக்காவிலிருந்து போகும் இளைஞருக்கு மாதக் கட்டணம் 400 டாலராக இருந்தது; 2020 ஜூலையில் 500 ஆயிற்று. எந்த நாட்டுக்குப் போனாலும் இதே தொகைதான். சாப்பாடு, வாடகை, பஸ் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆணுக்கு 24 மாதம், ஆகவே 12,000 டாலர். பெற்றோரோ சொந்தச் சபையாரோ கைகொடுப்பதும் உண்டு.

பெரியவர்களுக்கு அப்படி ஒரே சீர் தொகை கிடையாது. அவரவர் செலவு அவரவருடையது. 2011 செப்டம்பர் முதல் தேதி ஒரு சலுகை நடைமுறைக்கு வந்தது: வீட்டு வாடகை, மின்சாரம், தண்ணீர், மேசை நாற்காலி எல்லாம் சேர்த்துத் தம்பதிக்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் போனால் மிச்சத்தைச் சபை ஏற்கும். அதற்குமுன் விலையேறிய நகரத்துக்கு அழைப்பு வந்தால் வாடகை முழுவதும் அவர்கள் தலையில்தான். அப்போதே காலத்தையும் 6, 12, 18, 23 மாதம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். வெளிநாட்டுக்கு 18 மாதத்துக்குக் குறைவாகப் போகிறவர் விமான டிக்கெட்டைத் தாமே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அக்டோபரில் நடந்த சபை மாநாட்டில், தலைவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹாலண்ட் மேடையில் இதை விளக்கியபோது, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் கால அட்டவணை உங்களுக்கு இல்லை, நாள் முழுக்கக் கதவு தட்டவும் வேண்டாம் என்று பெரியவர்களுக்கு ஆறுதலும் சொன்னார். அதற்குப் பிறகும் ஆள் பற்றாக்குறை தீரவில்லை. 2023 அக்டோபர் மாநாட்டில் இன்னொரு சபைத் தலைவரான ரொனால்ட் ராஸ்பாண்டும் மூத்த தம்பதிகளை வருந்தி அழைத்தார்.

இனி ஓர் ஊரை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆறு வளையும் இடத்தில் இருக்கிறது நாவூ. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆயிரம் பேர்கூட இல்லை. 1839-இல் மார்மன்கள் குடியேறி, சில ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கு மேல் பெருகிய நகரம் அது. 1844 ஜூனில் பக்கத்து ஊரான கார்த்தேஜ் சிறையில் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்தைக் கும்பல் கொன்றது. 1846 பிப்ரவரியில் ஆற்றங்கரையிலிருந்து மார்மன்களின் வெளியேற்றம் தொடங்கியது. அங்கிருந்து அவர்கள் போய்ச் சேர்ந்த, இன்றைய யூட்டாவிலுள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு 1,300 மைல். அயோவாவைக் கடக்கவே முதல் கூட்டத்துக்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இன்று யூட்டாவிலிருந்து நாவூவுக்கு வரும் தம்பதி அதே தூரத்தை எதிர்த்திசையில் காரில் இரண்டு நாளில் கடக்கிறார்கள். இந்தப் பயணத்திலேயே ஒரு வேடிக்கைக் கணக்கு உண்டு. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் தொண்டுக்காக ஓட்டும் காருக்கு மைலுக்கு 14 சென்ட் கழிவு. வியாபாரத்துக்காக ஓட்டினால் 2025-இல் 70 சென்ட். அதே கார், அதே சாலை: தொண்டுக்கு 182 டாலர், வியாபாரத்துக்கு 910. அந்த 182-ம் ஏட்டுச் சுரைக்காய்தான். 65 கடந்த தம்பதிக்கு அந்த ஆண்டு எதையும் கணக்குக் காட்டாமல் கிடைத்த பொதுக்கழிவே 34,700 டாலர்; தனிக்கழிவுகளின் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால்தான் பயன். தசமபாகத்தையும் ஊழியச் செலவையும் கூட்டினாலும் சராசரி ஓய்வூதியக்காரர் அந்தப் படியைத் தாண்ட மாட்டார். ஆக, வரிச்சலுகைக்காகப் போகிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

மாதக் கணக்கு இது. வாடகையை உச்சவரம்பிலேயே வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு, ஏழை வீடுகளுக்கு அமெரிக்க அரசு தரும் உணவு உதவியை அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். 2025 நிதியாண்டில் இரண்டு பேருக்கு அது அதிகபட்சம் 536 டாலர்.

வரவு: ஓய்வூதியம் 3,089
மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ‘பி’ பிரிவுச் சந்தா, 185 வீதம் இருவருக்கு: 370
வீடு: 1,400
சாப்பாடு: 536
தசமபாகம்: 309
மொத்தச் செலவு: 2,615
கையில் நிற்பது: 474

தசமபாகத்தைப் பார்த்துப் புருவம் உயர்த்த வேண்டாம். வருமானத்தில் பத்தில் ஒன்று என்பது அந்தச் சபையில் ஆணிவேர் மாதிரி. ஊழியத்துக்குப் போனாலும் அது நிற்பதில்லை. ஓய்வூதியத்தை அதில் சேர்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் மனசாட்சி. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம் இருந்து, அந்தச் சாப்பாட்டுச் செலவை ஏழைகளுக்குக் காணிக்கையாகக் கொடுப்பது தனி.

அந்த 474 டாலரில்தான் பெட்ரோல், போன், கார் இன்சூரன்ஸ், மாத்திரை, பல் வைத்தியம், பூட்டிவிட்டு வந்த வீட்டுக்குச் சொத்துவரி, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் நடக்க வேண்டும். நாளுக்கு 16 டாலர் கூட இல்லை, அதுவும் இருவருக்கு. சராசரி ஓய்வூதியம் மட்டும் உள்ளவர்களால் போக முடியும். ஆனால் ஒரே ஒரு பல் உடைந்தால் அந்த மாதம் துண்டு விழும். ஆகவே போகிறவர்களில் சேமிப்பு உள்ளவர்களே அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வைத்தியம்தான் இந்தக் கணக்கின் பெரிய ஓட்டை. மெடிகேர் பொதுவாக அமெரிக்க எல்லைக்கு வெளியே செல்லாது. பிலிப்பைன்ஸுக்கோ டோங்காவுக்கோ போகிற தம்பதி தனிக் காப்பீடு வாங்கியே ஆக வேண்டும். நாவூ உள்நாடுதானே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் குறிப்பிட்ட மாவட்டங்களுக்குள் அடங்கியவை. திட்டத்தின் எல்லையைவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகப் பெயரை நீக்கிவிடுவார்கள். 18 மாத ஊழியத்துக்குப் புறப்படுகிறவர் பெட்டி கட்டுவதற்கு முன் இதைப் பார்க்காவிட்டால், ஏழாம் மாதத்தில் அட்டை செல்லாது என்று கடிதம் வரும். அரசு நேரடியாக நடத்தும் பழைய மெடிகேரில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 2025-இல் முதல் 257 டாலரும், அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஆகும் வைத்தியச் செலவில் பொதுவாக நூற்றுக்கு இருபதும் நோயாளியின் பொறுப்பு.

சரி, இத்தனை செலவழித்து என்ன வேலை செய்கிறார்கள்? உலகம் முழுக்க மிஷன் அலுவலகங்களில் கணக்கு எழுதுவது, வாகனங்களைப் பராமரிப்பது, இளைஞர்கள் தங்கும் வீடுகளின் அடுப்படி சுத்தமாக இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் இந்தத் தம்பதிகள்தான். நாவூவில் வேலை வேறு விதம்: அந்தப் பழைய நகரத்தைச் சபை புதுப்பித்துப் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறது. நீளப் பாவாடையும் குல்லாவும் அணிந்த பாட்டி பழைய வீட்டின் அடுப்பங்கரையைச் சுற்றிக்காட்டுகிறார். தாத்தா கொல்லுப்பட்டறையில் நிற்கிறார். காலமெல்லாம் மேசையில் உட்கார்ந்து கணக்கெழுதிய கையாக இருக்கலாம். இப்போது அதில் சுத்தியல். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி இறுக்கும் விதத்தைச் சொல்கிறார். பிறகு ஒரு லாட ஆணியை எடுத்து உருளையில் வைத்துத் தட்டி வளைக்கிறார். மோதிரம் ஆகிவிடுகிறது. எதிரே நிற்கும் பிள்ளைக்கு அதைக் கொடுத்து அனுப்புகிறார். செங்கல் சூளைக்குப் போனால் உள்ளங்கையில் அடங்கும் குட்டிச் செங்கல் ஒன்று. பேக்கரியில் இஞ்சி பிஸ்கட். கோடைக்காலத்தில் காளை பூட்டிய வண்டியில் ஒரு சுற்று. மாலையில் இதே தாத்தா பாட்டிகள் மேடையேறிப் பாடி நடிக்கவும் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம்: 0.

வாரத்தில் ஒரு நாள் ‘தயாரிப்பு நாள்’. துணி துவைப்பது, கடைக்குப் போவது, முடி வெட்டுவது, மகள் வீட்டுக்கு வீடியோ கால். நாற்பது வருடம் காலையில் ஒருவர் ஆபீஸ் போய் மாலையில் திரும்பிய தாம்பத்தியத்துக்கு, இருபத்துநாலு மணி நேரமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பது புதுப் பயிற்சி. அந்த நெருக்கடியின் விலையை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது. குடும்பத்தில் முக்கியமான விசேஷமோ துக்கமோ வந்தால் போய் வரலாம், செலவு அவர்களுடையதே. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவுக்கு விமானம் ஏறும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது விநோதமாகத்தான் படும்: இவர்கள் பேரப்பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள்.

இந்த உழைப்பைக் கூலியாக்கிப் பார்க்கலாம். இல்லினாயில் 2025-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். வாரம் 30 மணி நேரம் என்று குறைத்தே வைத்தாலும், 18 மாதத்தில் 78 வாரம், இரண்டு பேர்: 4,680 மணி நேரம். கூலி 70,200 டாலர், ஏறக்குறைய 60 லட்சம் ரூபாய். இதோடு அவர்கள் கொடுத்த வாடகை 25,200-ஐயும் கூட்டினால் 95,400. ஒரு தம்பதி சபைக்குத் தருவது இவ்வளவு. இளைஞர் 12,000 கொடுக்கும் இடத்தில், முதியவர் இருவரும் வாடகையாக மட்டும் ஆளுக்கு 12,600 கொடுக்கிறார்கள். சாப்பாடு அதில் சேரவில்லை.

மறுபக்கத்துப் பேரேட்டையும் புரட்ட வேண்டும். 2024 மார்ச் 5-ஆம் தேதி இந்தச் சபை, கிறிஸ்துவின் சமூகம் என்ற தாயாதிச் சபையிடமிருந்து ஒஹாயோவின் கர்ட்லண்ட் ஆலயத்தையும் நாவூவில் ஜோசப் ஸ்மித் வாழ்ந்த வீடுகளையும் வேறு சில பழம்பொருள்களையும் வாங்கியது. விலை 19 கோடியே 25 லட்சம் டாலர். மாதம் 1,400 வாடகை என்ற அளவில் இதை வகுத்தால் 1,37,500 மாதம். ஒன்றரை வருட ஊழியத்துக்குப் போகும் ஏழாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தம்பதிகளின் முழு வாடகை அது. இன்னொரு எண்: சபையின் முதலீட்டு நிறுவனம் பங்குகளைப் பினாமி நிறுவனங்களின் பெயரில் காட்டி உண்மையான அளவை மறைத்தது என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2023 பிப்ரவரியில் நடவடிக்கை எடுத்தது. சபையும் நிறுவனமும் சேர்ந்து 50 லட்சம் டாலர் கட்டின. ஆணையத்தின் ஆவணப்படி 2018-இல் அந்தப் பங்குகளின் மதிப்பு சுமார் 3,200 கோடி டாலர்.

சபையின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. அங்கே உள்ளூர்ச் சபையை நடத்தும் பிஷப்புக்கே சம்பளம் கிடையாது. பகலில் பிழைப்பு, மாலையில் சபை வேலை என்பதுதான் வழக்கம். கைக்காசு போட்டுச் செய்தால்தான் அது ஊழியம் என்று அந்தத் தம்பதிகளே சொல்லக்கூடும். சம்பளம் கொடுத்தால் நாவூ இன்னொரு சுற்றுலா கம்பெனி ஆகிவிடும் என்ற பயத்திலும் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் சம்பளம் வேறு, வாடகை வேறு. ஒருவர் தன் உழைப்பைத் தரலாம், சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளலாம். தங்கும் இடத்துக்கும் அவரே காசு கொடுத்தால் அந்த ஊழியத்தின் வாசலில் நிற்பது விசுவாசம் மட்டுமல்ல, வங்கிக் கணக்கும்தான். இளைஞருக்கு எல்லாம் அடங்க மாதம் 500 போதும் என்று வகுத்த சபை, சராசரி ஓய்வூதியத்தோடு வரும் தம்பதிக்கு 1,400 என்ற வரம்பைப் பாதியாக்கலாம். 700 டாலர் குறைந்தால் அவர்கள் கையில் 474-க்குப் பதில் 1,174 நிற்கும். பல்லும் பார்க்கலாம், பேத்தி கல்யாணத்துக்கும் போய் வரலாம். சபையின் கஜானாவில் ஒரு தம்பதிக்குக் குறைவது, 18 மாதத்துக்கு 12,600 டாலர்.