பாறைமேல் அமர்ந்த தாய்: இரிஸ்பா



விவிலியப் பெண்கள் என்றதும் சாரா, ரூத்து, எஸ்தர், அன்னை மரியா, மகதலா மரியா என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். இன்று நாம் சிந்திக்கும் பெண்ணின் பெயரைப் பலர் கேட்டிருக்கமாட்டோம். அவர் பெயர் இரிஸ்பா. ஞாயிறு திருப்பலி வாசகங்களில் அவருடைய வரலாறு வருவதில்லை. விவிலியத்தில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதும் இல்லை. ஆயினும் தாவீது அரசரின் மனத்தை அசைத்தவர் அவர்.

இரிஸ்பா சவுல் அரசரின் வைப்பாட்டி. சவுல் இறந்தபின், அவருடைய மகனும் படைத்தலைவர் அப்னேரும் இரிஸ்பாவை முன்னிட்டுச் சண்டையிட்டதை சாமுவேல் இரண்டாம் நூலின் 3ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்தச் சண்டையில் இரிஸ்பாவின் மனத்தை யாரும் கேட்டதாக எழுதப்படவில்லை. ஆண்களின் அதிகாரப் போட்டியில் அவர் ஒரு பொருளைப்போலப் பேசப்பட்டார்.

அதே நூலின் 21ஆம் அதிகாரத்தில் அவரை மீண்டும் காண்கிறோம். நாட்டில் மூன்று ஆண்டுகள் பஞ்சம். தாவீது ஆண்டவரை நாடுகிறார். சவுல் கிபயோனியரைக் கொன்ற இரத்தப்பழியே காரணம் என்று ஆண்டவர் சொல்கிறார். யோசுவா காலத்தில் இஸ்ரயேலர், கிபயோனியரைக் கொல்லமாட்டோம் என ஆணையிட்டிருந்தார்கள். சவுல் அந்த ஆணையை மீறினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பஞ்சத்தின் காரணத்தை ஆண்டவரிடம் கேட்ட தாவீது, பரிகாரம் என்னவென்று ஆண்டவரிடம் கேட்டதாக நூல் சொல்லவில்லை. கிபயோனியரிடம் கேட்கிறார். அவர்கள் சவுலின் வழிமரபில் ஏழு ஆண்களைக் கேட்கிறார்கள். யோனத்தானுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, அவர் மகனைத் தாவீது தப்பவிடுகிறார். இரிஸ்பாவின் பிள்ளைகளுக்காக வாக்குக் கொடுத்தவர் யாருமில்லை. அவருடைய இரண்டு மகன்களும், சவுலுடைய மகளின் ஐந்து மகன்களும் ஒப்படைக்கப்படுகிறார்கள். வாற்கோதுமை அறுவடையின் தொடக்கத்தில் எழுவரும் மலைமேல் கொல்லப்படுகிறார்கள். உடல்கள் அங்கேயே விடப்படுகின்றன.

கொலையுண்டவனின் உடலை இரவு முழுவதும் மரத்தில் விட்டுவைக்கக் கூடாது, அன்றே அடக்கம் செய்ய வேண்டும் என்பது இணைச் சட்டம் 21ஆம் அதிகாரம் தரும் கட்டளை. அதைச் செய்ய ஒருவரும் முன்வரவில்லை. பஞ்சத்துக்குக் காரணமானவர்களின் பிணம் என்று ஊர் ஒதுங்கியிருக்கலாம். அரசரின் கோபத்துக்கு அஞ்சியும் இருக்கலாம்.

இரிஸ்பா வந்தார். சாக்குத் துணியைப் பாறைமேல் விரித்து அமர்ந்தார். பகலில் பறவைகளை விரட்டினார். இரவில் காட்டு விலங்குகளை விரட்டினார். அறுவடைத் தொடக்கம் முதல் வானத்திலிருந்து மழை பொழியும்வரை அங்கேயே இருந்தார் என்கிறது நூல். அந்த நாட்டில் வாற்கோதுமை ஏறக்குறைய ஏப்ரலில் அறுவடையாகும். வழக்கமான மழை அக்டோபரில் தொடங்கும். அந்த மழையைத்தான் நூல் குறிக்கிறது என்றால், கோடை முழுவதும் அந்தத் தாய் வெயிலிலும் பிண நாற்றத்திலும் இருந்திருக்கிறார். தம் பிள்ளைகள் இருவரை மட்டும் அவர் காக்கவில்லை. மற்றொரு தாய் பெற்ற ஐவரையும் சேர்த்தே காத்தார்.

செய்தி தாவீதின் காதுக்கு எட்டியது. அவர் யாபேசு-கிலயாதுக்குச் சென்று சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளைப் பெற்றுவந்தார். கொல்லப்பட்ட எழுவரின் எலும்புகளும் சேர்க்கப்பட்டன. சவுலின் தந்தை கீசின் கல்லறையில் முறைப்படி அடக்கம் நடந்தது. அதன்பிறகே, நாட்டுக்காகச் செய்யப்பட்ட மன்றாட்டைக் கடவுள் கேட்டருளினார் என்று நூல் முடிக்கிறது. ஏழு பேர் கொல்லப்பட்ட உடனே அந்த வாக்கியம் வரவில்லை. இறந்தவர்களுக்கு மதிப்பு அளிக்கப்பட்ட பிறகே வருகிறது. அந்த இடத்துக்கு அரசரைக் கொண்டுவந்தவர் அதிகாரம் ஏதுமில்லாத ஒரு விதவை.

அன்புக்குரியவர்களே, இறந்தோரை அடக்கம் செய்வதைத் திருச்சபை உடல்சார்ந்த ஏழு இரக்கச் செயல்களில் ஒன்றாகக் கற்பிக்கிறது. நாமும் அடக்கத்துக்குப் போகிறோம்; மாலை போடுகிறோம். ஆனால் சில வீடுகளின் முன் நம் கால்கள் தயங்குகின்றன. குடியால் இறந்தவர் வீடு, சிறையில் இறந்தவர் வீடு, தற்கொலை செய்துகொண்டவர் வீடு. அங்கே தாய் அழுதால்கூட, “வளர்த்த விதம் அப்படி” என்று வாசலிலேயே பேசிவிடுகிறோம்.

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. தற்கொலை பெரிய தீமை என்பதைத் திருச்சபை மறைக்கவில்லை. எனினும், அப்படி இறந்தவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது, அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்று மறைக்கல்வி நூல் 2283ஆம் எண்ணில் கற்பிக்கிறது. சட்டம் மாறி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் நாக்கு இன்னும் மாறவில்லை.

ஆகவே இரிஸ்பாவிடமிருந்து மூன்று செயல்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, நீடித்திருத்தல். மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் திருப்பலியோடு நம் வருகை நின்றுவிடுகிறது. நாற்பதாம் நாளிலும் அந்தத் தாய் தனியாகத்தான் உலை வைக்கிறார். ஒரு மாலையில் போய் அருகில் உட்காருங்கள். பேசத் தெரியாவிட்டால் பரவாயில்லை, இரிஸ்பாவும் பேசவில்லை. இரண்டாவது, பறவைகளை விரட்டுதல். இறந்தவரைக் கொத்தும் பேச்சு உங்கள் முன் எழும்போது, “போதும், அவருக்காகச் செபிப்போம்” என்று சொல்லுங்கள். மூன்றாவது, பொறுப்பில் இருப்பவர்கள் காது கொடுத்தல். பங்குத்தந்தையாகிய எனக்கும், பங்குப் பேரவைக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் உரிய பாடம் இது. தாவீது தாமதமாகக் கேட்டார், ஆயினும் கேட்டார்.

சிலுவையின் அருகே நின்ற அன்னை மரியாவை நினைக்கும்போது, பாறைமேல் அமர்ந்த இந்தத் தாயையும் நினைத்துக்கொள்வோம்.

செபிப்போம்: இரக்கத்தின் ஆண்டவரே, பிள்ளைகளை இழந்து வாடும் தாய்மாரைத் தேற்றியருளும். யாரும் பெயர் சொல்லத் தயங்கும் எங்கள் இறந்தோருக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும். அவர்கள் வீடுகளுக்குச் செல்ல எங்களுக்குத் துணிவு தாரும். ஆமென்.