சத்தம் கூடினால் சங்கீதம் கூடுமா?

விழா முடிந்து வீடு திரும்பும்போது, "கச்சேரி அமர்க்களம்தான், ஆனால் ஒரு வார்த்தையும் புரியவில்லை" என்று சொல்லாதவர் நம்மில் குறைவு. குற்றம் பெரும்பாலும் பாடியவர் மீதல்ல. ஒலிபெருக்கியும் அதைக் கையாளும் முறையுமே காரணம்.

இத்தனைக்கும் நாம் குடியிருப்பது மட்டாஞ்சேரியில். ஆர்மோனியமும் தபலாவும் மட்டுமே துணையாக, கல்யாண வீடுகளில் இரவெல்லாம் பாட்டுக் கேட்ட ஊர் இது. 1981-இல் மறைந்த மெஹபூப் பாய் அப்படித்தான் இவ்வூரின் பாடகரானார். 2018-இல் மறைந்த உம்பாயியின் கஸலும் அந்த வழி வந்ததே. அத்தகைய மெஹ்ஃபிலில் பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவே சில அடி தூரம்தான். மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.

அதே பாட்டை ஐந்நூறு பேர் கேட்கவேண்டும் என்றால் கருவி தேவைப்படுகிறது. பழைய கூம்புக் குழாய் அறிவிப்புக்கு ஏற்றது, பாட்டுக்கு அல்ல. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிகளை அது சரிவரத் தருவதில்லை. மிருதங்கத்தின் தொப்பி, ஆண்குரலின் கனம் எல்லாம் போய்விடும். 1940-இல் ஃபோர்ட் கொச்சியில் பிறந்த யேசுதாஸின் குரலையும் அது தகர டப்பாவுக்குள் அடைத்துவிடும். (விட்டுப்போனதை நம் மூளை ஓரளவு ஊகித்துக்கொள்கிறது. அதனால்தான் பாடுவது யார் என்றாவது தெரிகிறது!)

இப்போது பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன. கூடவே எதிர்மாறான தொல்லையும் வந்துவிட்டது. 'பேஸ்' குமிழை முழுக்கத் திருப்பிவிடுகிறார்கள். வெறும் சுவரும் தகரக் கூரையும் உள்ள மண்டபத்தில் கனத்த ஒலி எளிதில் அடங்காது. உருண்டுகொண்டே இருந்து அடுத்த சொல்லை மூடிவிடும். முதலில் பலியாவது மெய்யெழுத்துகள். ல, ள, ழ வேறுபாட்டைக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன, அளவும் குறைவு. வீட்டுக்கு வெளியே மலையாளமும் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பாட்டு ஒரு பாடப்புத்தகம். மலையாளத்திலும் ழகரம் இருப்பதால் அவர்களுக்கு அது புதிதல்ல. காதில் விழுந்தால் போதும், பிடித்துக்கொள்வார்கள்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றதும் ஒலியைக் கூட்டுவது வழக்கம். இரண்டு மடங்கு உரக்கக் கேட்பதற்குச் சுமார் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். அதற்குள் முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். முதுமையில் மெல்லிய உயர் ஒலிகள் கேட்பது குறையும். ஆனால் பேரோசையைத் தாங்கும் சக்தி கூடுவதில்லை, பலருக்குக் குறையவே செய்கிறது. பெட்டியைத் தலைக்கு மேலே உயர்த்தி, நடுவரிசையை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

சிலர் மண்டபத்தின் பின்புறத்திலும் ஸ்பீக்கர் வைக்கிறார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குப் பின் ஸ்பீக்கரின் சொல் முதலில் வரும். மேடைச் சொல் நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வந்து மோதும். பின் ஸ்பீக்கரை அதே அளவு தாமதிக்கச் செய்யும் வசதி இன்றைய கருவிகளில் உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

இனி மிக்ஸர். கரோக்கேக்குப் பாடும்போது கவனிக்க ஒன்று உண்டு. ஸ்டீரியோ பதிவில் வயலின் இடப்பக்கம், கிதார் வலப்பக்கம் என்று பிரித்திருப்பார்கள். வீட்டில் நடுவில் அமர்ந்து கேட்க அது சுகம். மண்டபத்தில் இடது ஓரத்தில் இருப்பவருக்குப் பாதி வாத்தியம் கிடையாது! இரண்டையும் கலந்து இரு பக்கமும் ஒன்றே வரும்படி செய்வது நல்லது. எக்கோ குமிழைச் சுழியில் வைத்துத் தொடங்கலாம். மண்டபமே போதிய எதிரொலி தரும். பாடகர் குரலை முதலில் சரிசெய்து, வாத்தியங்களை ஒவ்வொன்றாக அதற்குக் கீழே சேர்க்கச் சொல்லுங்கள். மிருதங்கக்காரர் "எனக்குக் கொஞ்சம்" என்று கைகாட்டினால் அவர் பக்கத்து மேடை ஸ்பீக்கரை மட்டும் கூட்டினால் போதும்.

மிக்ஸர்காரரை மேடையின் பக்கவாட்டில் திரைக்குப் பின்னால் உட்காரவைப்பது நம் வழக்கம். அங்கே அவருக்குக் கேட்பது வேறு, சபைக்குக் கேட்பது வேறு. அடுத்த விழாவுக்கு நாற்காலி போடும்போது நடுவரிசையில் அவர் மேசைக்கு மூன்று நாற்காலி இடம் விட்டுவிடுங்கள்.