மூடுபனியில் விமானம் தரையிறங்குமா? முடிவு செய்யும் வானிலை அறிக்கை

புது தில்லி: குளிர்காலத்தில் தில்லி விமான நிலையத்தை மூடுபனி சூழும்போது, ஒரு விமானம் தரையிறங்குகிறது, அடுத்து வரும் விமானமோ வேறு நகருக்குத் திருப்பிவிடப்படுகிறது. இது ஏன் என்ற கேள்வி பயணிகளுக்கு எழுவது இயல்பே.

முக்கிய விமான நிலையங்களுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ‘மெட்டார்’ எனும் அறிக்கையை வெளியிடுகிறது. காற்றின் திசை, வேகம், காண்பு திறன், மேகங்களின் உயரம், வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவை அதில் குறியீடுகளாக இடம்பெறும். அடுத்த பல மணி நேரத்துக்கான முன்னறிவிப்பு ‘டாஃப்’ எனப்படுகிறது. இவற்றை ஆராய்ந்த பின்னரே, மாற்று விமான நிலையத்தைத் தேர்வு செய்து, அங்கு செல்லத் தேவையான கூடுதல் எரிபொருளுடன் விமானிகள் புறப்படுகின்றனர்.

மூடுபனியின்போது ஓடுபாதையில் நிலவும் காண்பு தூரமே முக்கியம். பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ‘திருஷ்டி’ உள்ளிட்ட கருவிகள் அதை அளவிடுகின்றன. ‘கேட்-1’ முறையில் தரையிறங்க 550 மீட்டர் காண்பு தூரம் தேவை. ‘கேட்-3பி’ முறையில் 50 மீட்டரே போதுமானது.

ஆனால், அதற்கு ஓடுபாதை, விமானம், விமானி ஆகிய மூன்றும் உரிய தகுதி பெற்றிருக்க வேண்டும். ஓடுபாதை தயாராக இருந்தாலும், விமானத்தில் உரிய கருவியோ விமானிக்கு உரிய பயிற்சியோ இல்லையெனில், அந்த விமானம் மாற்று விமான நிலையத்துக்குச் செல்ல நேரிடும்.