450 குதிரைகளா, 155 குதிரைகளா?

வெப்பம் பற்றிய பாடம் முடிந்த ஒரு நாள், நான்காம் படிவ மாணவன் ஒருவன் இரண்டு கார்களின் படங்களை என்னிடம் காட்டினான். இரண்டுமே 1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் தயாரான செவ்ரோலே செவெல் கார்கள்.

“டீச்சர், பார்க்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. ஆனா ஒண்ணுல 155 குதிரைத்திறன், இன்னொண்ணுல 450. காசு இருந்தா எதை வாங்குவீங்க?”

வகுப்பே “450!” என்று கத்தியது. எனக்கு உடனே பதில் சொல்லத் தோன்றவில்லை. அவன் கேட்டது கார் கேள்விதான். ஆனால் அதற்குள் பாதிப் பாடப்புத்தகம் அடங்கியிருந்தது.

1960களில் அமெரிக்க நிறுவனங்கள் நடுத்தரக் குடும்பக் கார்களில் மிகப் பெரிய இயந்திரங்களைப் பொருத்தி விற்கத் தொடங்கின. 1964இல் வந்த பொண்டியாக் ஜி.டி.ஓ. இந்தப் போக்கைப் பரவச் செய்தது. இவற்றை ‘மசில் கார்’ என்பார்கள். செவெல் காரின் அடிப்படை வகையில் 6 சிலிண்டர், 4.1 லிட்டர் இயந்திரம் இருந்தது. எஸ்.எஸ். 454 என்ற உயர்திறன் வகையில், எல்.எஸ்.6 என்னும் 8 சிலிண்டர், 7.4 லிட்டர் இயந்திரத்தைக் கேட்டு வாங்கலாம். அதுதான் அந்த 450.

கூடுதல் திறன் எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் காற்று. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். பெரிய சிலிண்டர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் காற்றை இழுக்கிறது. அதற்கேற்ப அதிகப் பெட்ரோல் எரிகிறது.

இரண்டாவது காரணம் அமுக்க விகிதம். எரிவதற்கு முன் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை இது காட்டும். 155இல் இது 8.5, 450இல் 11.25. அதிகம் அமுக்கினால் வெப்பத்தில் கூடுதல் பங்கு வேலையாக மாறும். இழப்பே இல்லாத கற்பனை இயந்திரத்தில் கணக்கிட்டால், அந்தப் பங்கு 57 விழுக்காட்டிலிருந்து 62 விழுக்காடாக உயர்கிறது. ஆதாயம் சிறிதுதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. அதைப் பிறகு பார்ப்போம்.

அந்த எண் எப்படி அளக்கப்பட்டது?

அக்காலத்தில் இயந்திரத்தைக் காரிலிருந்து தனியே எடுத்து, மின்னாக்கி முதலிய துணைக்கருவிகளின் சுமையோ புகைபோக்கியின் தடையோ இல்லாமல் இயக்கித் திறனை அளந்தார்கள். இது மொத்தத் திறன். காரில் பொருத்திய நிலையில் கிடைப்பது நிகரத் திறன். 1971இல் அந்நிறுவனம் இரண்டையும் வெளியிட்டது. 7.4 லிட்டர் இயந்திரத்தின் இன்னொரு வடிவமான எல்.எஸ்.5க்கு மொத்தம் 365, நிகரம் 285. இயந்திரம் ஒன்றே, அளந்த முறைதான் வேறு. ஆகவே 1970 காரின் 450ஐ இன்றைய காரின் எண்ணோடு அப்படியே ஒப்பிடக்கூடாது.

எவ்வளவு திறன் தேவை?

இந்த அளவுள்ள கார் சமதளச் சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சீராகச் செல்லும்போது, காற்றுத் தடையையும் டயரின் உருளல் தடையையும் மட்டுமே வெல்ல வேண்டும். தோராயமாகக் கணக்கிட்டால் 30 குதிரைத்திறன் போதும். முந்திச் செல்லவும் மேடேறவும் கூடுதலாக வேண்டும். 155இல் அதற்கும் இடமுண்டு.

450 தேவைப்படுவது ஓட்டப்பந்தயத்தில். கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, இந்த எஸ்.எஸ். கார் 13 வினாடிகள் சொச்சத்தில் கடந்தது. அங்கும் ஒரு தடை உண்டு. காரைத் தள்ளுவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு விசை. அதன் உச்ச அளவு, பின் சக்கரங்களின் மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. பெரிய இயந்திரம் சுமார் 100 கிலோ எடையை முன்பக்கம்தான் கூட்டுகிறது. முதல் கியரில் அது தரும் விசை டயர் தாங்குவதைவிட மிக அதிகம். மிஞ்சுவதெல்லாம் புகையாகவும் தேய்ந்த ரப்பராகவும் போகும்.

எரிபொருள் சிக்கல்

அமுக்கிய கலவை சூடாகும். அளவு மீறினால் தீப்பொறியின் அலை வந்து சேருமுன் ஒரு பகுதி தானாகவே வெடிக்கும். ‘டக் டக்’ என்று கேட்கும் இந்தத் தட்டல் பிஸ்டனையே உடைத்துவிடலாம். தட்டலைத் தாங்கும் ஆற்றலைக் குறிப்பதுதான் நம் எண்ணெய் நிலையங்களில் காணும் ரோன் எண். எல்.எஸ்.6 இயந்திரம் ரோன் 100ஐ ஒட்டிய, ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. ஈயம் நச்சு என்பதால் 1996இல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. அதற்கு வெகுமுன்பே, 1971இலேயே, நிறுவனம் அமுக்க விகிதத்தைக் குறைத்துவிட்டது.

இன்று அங்கே சாதாரண நிலையங்களில் கிடைக்கும் உயர்ரகப் பெட்ரோல் நம் ரோன் 97ஐ ஒத்தது. எல்.எஸ்.6 வைத்திருப்பவர் விலையுயர்ந்த பந்தய எரிபொருளைத் தேட வேண்டும். அல்லது பிஸ்டன்களை மாற்றி அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். 155க்கு மலிவான பெட்ரோலே போதும்.

பிரேக்கை மறக்கலாமா?

1,600 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 6 லட்சம் ஜூலுக்கு மேல். இரண்டு லிட்டர் குழாய்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காரை நிறுத்தும்போது அந்த வெப்பமெல்லாம் பிரேக்கில்தான் சேரும். 140 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய இருமடங்கு.

அடிப்படைக் காரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. டிரம் சூடேறி விரிந்தால் உள்ளிருக்கும் பட்டையிலிருந்து விலகும், பிடிப்பு குறையும். எஸ்.எஸ். காரின் முன்சக்கரங்களில் வட்டு பிரேக்குகள் வந்தன. வட்டு காற்றுபடத் திறந்திருப்பதால் விரைவில் ஆறும். இந்த ஒன்றில் உயர்திறன் காரே தெளிவாக மேல்.

வாங்குபவருக்கு இன்னோர் எச்சரிக்கையும் தேவை. எஸ்.எஸ். என்பது கூடுதல் கட்டணத்தில் சேர்த்த ஒரு தொகுப்பு. 1970 காரின் அடையாள எண் அது 6 சிலிண்டரா 8 சிலிண்டரா என்பதை மட்டுமே சொல்லும், எஸ்.எஸ். என்று சொல்லாது. சாதாரணக் காரில் சின்னங்களை ஒட்டிப் பல மடங்கு விலை சொல்பவர்கள் உண்டு. தொழிற்சாலை ஆவணம் இல்லாமல் நம்பக்கூடாது.

மறு வகுப்பில் என் பதிலைச் சொன்னேன்: பந்தயத் திடலுக்கோ சேகரிப்புக்கோ என்றால், ஆவணம் உள்ள 450. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போக என்றால் 155தான். ஆனால் முன்சக்கரங்களில் வட்டு பிரேக் இருக்க வேண்டும். அந்தக் காலத்திலேயே கூடுதல் பணம் கட்டினால் அடிப்படைக் காருக்கும் அது கிடைத்தது. பெரும்பாலோர் அந்தப் பணத்தை இயந்திரத்துக்குத்தான் கொடுத்தார்கள்.

மாணவர்களே, உங்கள் வீட்டுக் காரின் கையேட்டில் அமுக்க விகிதமும் பரிந்துரைத்த ரோன் எண்ணும் என்ன என்று பாருங்கள். ரோன் 95க்காகவே வடிவமைத்த இயந்திரத்தில் ரோன் 97 ஊற்றினால் அதிலுள்ள ஆற்றல் கூடிவிடாது. ஏன் என்பதற்கான விடை மேலேயே இருக்கிறது.