ஆழ்நீர்த் தனியேற்றம்

பாறையேறுவோரைக் காப்பது கயிறு. அக்கயிற்றை நீக்கிவிட்டு, கடலின்மேற் கவிந்து நிற்கும் பாறைகளிற் கையும் காலுமே துணையாக ஏறும் ஒருவகை விளையாட்டு இந்நாளிற் பல தேசங்களிலும் பரவியுள்ளது. ஏறுவோர் கை நழுவின், வீழ்வது நிலத்திலன்று, நீரில். ஆதலின் இதனை ஆழ்நீர்த் தனியேற்றம் என்னலாம். கேட்ட அளவில், இஃது உயிரைத் துரும்பாக எண்ணுவாரது செயலெனத் தோன்றும். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மத்தியதரைக் கடலில் ஸ்பெயின் தேசத்திற்குரிய மயோர்க்கா என்னும் தீவு உளது. 1978-ஆம் ஆண்டில் மிக்கேல் ரியேரா என்பார் தம் நண்பர் சிலருடன், அத்தீவின் தலைநகராகிய பால்மாவின் போர்ட்டோ பி என்னுமிடத்துக் கடற்பாறைகளிற் கயிறின்றி ஏறத் தொடங்கினார். அந்நாட்டார் இதனைச் 'சிக்கோபிளாக்' என வழங்குவர். உள்ளத்தைக் குறிக்கும் சொல்லும், கயிறின்றி ஏறுதற்குரிய குறும்பாறையைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தமைந்தது அப்பெயர். உடல்வலியோடு உள்ளத்தின் உறுதியும் இதில் வேண்டப்படுமாதலின், பெயர் பொருத்தமுடையதே.

எல்லாக் கடற்பாறையும் இதற்கு உதவா. பாறையின் அடி முன்னே சரிந்திருப்பின், வீழ்வோர் இடையிலே மோதுண்டு மடிவர். மேற்பகுதி நீரை நோக்கி முன்வளைந்திருத்தலும், அதன் கீழே நீர் ஆழமுடைத்தாயிருத்தலும் இன்றியமையாதன. இவ்விரண்டும் ஒருங்கமைதற்குச் சுண்ணாம்புப் பாறை பெரிதும் ஏற்றது. அலைகள் அதன் அடியை இடைவிடாது அரித்துக் குகைகளாக்கும். நீர் அதனைக் கரைத்துக் குழிகளையும் விளிம்புகளையும் உண்டாக்கும். அக்குழிகளே ஏறுவோர்க்குப் பிடியாவன.

இனி, நீர் மெத்தையன்று என்பதனை அறிதல் வேண்டும். 10 மீட்டர் உயரத்தினின்று வீழ்வோர் நீரைத் தொடும்போது அவர்தம் வேகம் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஆகும். 15 மீட்டராயின் 60 கிலோமீட்டரைக் கடக்கும். நீரோ காற்றினும் ஏறத்தாழ 800 மடங்கு செறிவுடையது. அது வழிவிடுதற்குச் சிறிது காலம் வேண்டும். அக்காலத்திற்குள் உடல் அதன்மேல் மோதுகின்றது. கிணற்றிற் குதிக்குங்கால் வயிறு படிய வீழ்ந்து தோல் சிவந்தவர்க்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே, கால்கள் கீழாகவும், உடல் நேராகவும், கைகள் ஒடுங்கியும் நீருட் புகுதற்கு இவ்வேற்றத்திற் பழகியோர் முன்னரே பயிற்சி செய்துகொள்வர். ஏறும் வித்தையோடு வீழும் வித்தையையும் கற்றாலன்றி இவ்விளையாட்டு முற்றுப்பெறாது.

வீழ்ச்சிக்கு முன்னும் செயற்பாலன பல உள. நீருள் மூழ்கி ஆழத்தையும் மறைபாறைகளையும் ஆராய்தல் முதலாவது. கடலின் ஏற்றவற்றத்தை அறிதல் இரண்டாவது. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகச் சிறிது; ஆங்கில நாட்டு டெவன் கரையிலோ நீர்மட்டம் ஒரே நாளிற் சில மீட்டர் ஏறியிறங்கும். காலையில் ஆழமாயிருந்த இடம் மாலையில் வெறும் பாறையாதல் கூடும். மூன்றாவது, வீழ்ந்தபின் கரையேறும் வழியைக் குறித்துக்கொள்ளல். அலை மிக்க நாளிற் பாறையோரம் நீந்துதல் ஏறுதலினும் கொடிது. நான்காவது, தோழரின்றித் தனியே செல்லாமை. பெயர் தனியேற்றமாயினும், தனிமை இதற்கு ஆகாது.

இத்துணை இடர் இருப்பவும் இதனை நாடுவது ஏன்? நிலத்தின்மேற் கயிறின்றி ஏறுவோர்க்கு ஒரு பிழையே இறுதிப் பிழையாகலாம். ஆதலின் அவர், தம்மால் ஐயமின்றி இயல்வதனையே செய்வர். நீரின்மேல் ஏறுவோரோ, தம்மால் இன்னும் இயலாததனையும் முயன்று பார்க்கலாம். மயோர்க்காவின் தென்கிழக்குக் கரையில், எஸ் பொந்தாஸ் என்னும் இயற்கை வளைவொன்று கடலின் நடுவே நிற்கின்றது. அதன் அடிப்புறத்தே ஓரிடத்திற் கையும் காலும் பாறையை விட்டுத் தாவி எட்டாப் பிடியைப் பற்ற வேண்டும். அமெரிக்கராகிய கிறிஸ் ஷர்மா பன்முறை தாவிப் பன்முறையும் கடலில் வீழ்ந்து, 2006-இல் அவ்வழியை முதன்முதல் ஏறி முடித்தார். அதனை இரண்டாவதாக முடித்தவர் ஸ்லொவேனிய நாட்டு யெர்னேய் க்ரூடர், அது 2016-இல். பத்தாண்டு பிறரெவரும் முடிக்கவியலாத அவ்வழியை, வீழ்தற்கு இடங்கொடாத நிலத்தின்மேல் எவர்தாம் கயிறின்றி முயன்றிருப்பர்?

கடலை விட்டு இவ்விளையாட்டு நகர்க்கும் வந்துளது. 2013-இல் அமெரிக்க நாட்டு யூட்டாவில், பார்க் சிட்டி என்னும் ஊரின் ஒலிம்பிக் பூங்காவில், பனிச்சறுக்கு வீரர் பாய்ந்து பயிலும் குளத்தின்மேல் ஏறக்குறைய 15 மீட்டர் உயரச் செயற்கைச் சுவர் அமைத்தனர். ஆடவரும் பெண்டிரும் தத்தம் பிரிவில் இருவர் இருவராக ஏறிப் போட்டியிட்டனர். அங்கே ஆழம் அளந்தது; அலையும் மறைபாறையும் இல்லை. காண்போர் அருகிருந்து காணவும், ஏறுவோர் ஏறுதலிலேயே கருத்தூன்றவும் அச்சுவர் உதவுகின்றது. ஆயினும், நீரின் அடி அங்கும் நீரின் அடியே; மேலும், கடலைப் படித்தறியும் அறிவை அச்சுவர் கற்பியாது. சுவரில் வென்றோர் அவ்வெற்றியொன்றனையே நம்பிக் கடற்பாறைக்குச் செல்வாராயின், அது பெருந்தீங்காய் முடியும்.

இவற்றை நோக்குமிடத்து, எமது முதலெண்ணம் பாதியே உண்மையென்பது புலனாகும். ஆராயாது ஏறுவார்க்கு இது மடமை. ஆராய்ந்து ஏறுவார்க்கு அடக்கத்தோடு கூடிய துணிவு. ஆழம் அறியாமற் காலை விடாதே என்பது நம் முன்னோர் மொழி. அஞ்சி ஒதுங்குதற்கு அதனை மேற்கோள் காட்டுவார் பலர். முதலில் ஆழத்தை அறிந்துகொள் என்பதும் அம்மொழியினுள்ளே அடங்கியுள்ளதென யாம் கொள்கின்றோம்.