பப்பாளிமேல் ஏன் பழி?

நாள் தள்ளிப்போகிறது. மருந்துக்கடையில் வாங்கிய அட்டையில் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிகிறது. ஒரு வாரத்துக்குள் உதிரம். அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புவனகிரியிலிருந்தோ காட்டுமன்னார்கோவிலிலிருந்தோ பஸ் ஏறுவதற்குள் வீட்டில் விசாரணை முடிந்துவிடும். "பப்பாளி தின்னியா? வண்டியில போனியா? குடம் தூக்கினியா?"

மூன்றுமே பெரும்பாலும் காரணம் இல்லை. பழுத்த பப்பாளித் துண்டு கருவைக் கலைக்காது. டவுன் பஸ் குலுக்கலும் கலைக்காது.

தாயின் முட்டையிலிருந்து 23, தந்தையின் விந்தணுவிலிருந்து 23 குரோமோசோம்கள் சேர வேண்டும். சில சமயம் எண்ணிக்கை பிசகிவிடும். 16-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக வந்துவிட்டால் அந்தக் கரு அநேகமாக நிற்பதில்லை. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதி இப்படிப்பட்ட பிசகுதான். பெண்ணின் வயது ஏற ஏற இது கூடும். அவள் நடந்ததாலோ தின்றதாலோ வருவதில்லை.

எத்தனை பேருக்கு இப்படி? 1988-இல் வெளியான ஆய்வுக்காக ஆலன் வில்காக்ஸ் குழு அமெரிக்காவில் 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சோதித்தது. உண்டான கருக்களில் 22 சதவீதம், கர்ப்பம் என்று தெரியவருவதற்கு முன்பே போயிருந்தன. பலருக்கு அது வழக்கமான மாதவிலக்காகவே கழிந்திருக்கும்.

கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தைராய்டு, கர்ப்பப்பையின் நடுவே தடுப்பு, ரத்தத்தை உறையவைக்கும் சில எதிர்ப்பொருள்கள், புகை, மது ஆகியவையும் காரணமாகலாம். திரும்பத் திரும்பக் கலைந்தால் இவற்றைத் தேடிச் சோதிக்க வேண்டும். ஒருமுறை கலைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்தது நல்லபடி நிற்கிறது. படுத்தே கிடந்தால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மருமகளைக் கட்டிலில் கட்டிப்போடாதீர்கள்.

ஒரு பக்க அடிவயிற்று வலி, தலைச்சுற்றல், மயக்கம் இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. கரு குழாயில் தங்கியிருக்கலாம்; 108-ஐ அழையுங்கள். ரத்தவகை நெகட்டிவ் என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

சிதம்பரம் கடைவீதியில் நாள் முழுக்க நின்று புடவை எடுத்துப்போடும் பெண், கரு கலைந்தால் காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நாள் லீவு கேட்க வேண்டியதில்லை. கரு கலைந்த மறுநாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது சட்டம். ஐந்தாம் வாரத்தில் கலைந்தாலும் அது கருச்சிதைவுதான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, மருத்துவர் சான்றோடு கேட்டால் கொடுத்தாக வேண்டும்.